ஒரே நிலம், பல குரல்கள்: யெல்லோநைஃப் சட்டமன்றத்தில் ஓர் உரைபெயர்ப்பாளர்

கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களின் சட்டமன்றத்தைச் சுற்றிப் பார்க்க ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை. வழிகாட்டி ஒருவர் அழைத்துச் சென்று காட்டுகிறார். அமர்வு நடக்கும் நாட்களில் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து கேட்கலாம். அதன் தலைநகர் யெல்லோநைஃபில் இருந்த ஐந்து நாட்களில் நான் பணம் கொடுத்து வாங்கிய எதுவும் இந்த இலவசச் சேவை அளவுக்கு என்னை அசைக்கவில்லை. ஆகவே இந்த மதிப்புரை கொஞ்சம் நீளும்.

ரொறன்ரோ நீதிமன்றங்களில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தமிழ் உரைபெயர்ப்பாளராக இருக்கிறேன். அண்ணனின் மகள் யெல்லோநைஃபில் தாதியாக வேலை செய்கிறாள். "மாமி, மாசியில் வாருங்கள். வானத்து வடதுருவ ஒளியையும் பார்க்கலாம், சபையும் கூடியிருக்கும்" என்று அவள்தான் அழைத்தாள். முதல் நாள் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் வேனில் போனோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். சட்டமன்றத்துக்கு அவர்கள் ஒதுக்கிய நேரம் முப்பத்தைந்து நிமிடம். சபை மண்டபத்தின் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோதே ஓட்டுநர் ஹோர்ன் அடித்துவிட்டார். மறுநாள் காலை நாங்கள் இருவருமாக நடந்தே திரும்பிப் போனோம். நீங்களும் வேன் வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். நகர மையத்திலிருந்து நடக்கும் தூரம்தான்.

கட்டடம் ஃபிரேம் ஏரியின் கரையில் இருக்கிறது. 1993இல் திறந்தார்கள். வெளிச்சுவரில் துத்தநாகத் தகடுகள். சுற்றிலும் பாறையும் ஊசியிலை மரங்களும். அந்த இடத்திலேயே விதை சேகரித்து, அவற்றை வளர்த்துக் கொண்டுவந்து நட்டார்கள் என்பதால் தோட்டம் என்று தனியாக ஒன்று தெரியாது என்றார் வழிகாட்டி. எல்லாம் பனிக்கடியில் கிடந்தன, நான் காணவில்லை. உள்ளே கோட்டு, தொப்பி, இரட்டைக் கையுறை எல்லாவற்றையும் கழற்றி வைத்த பிறகு உடம்பு பாதியானதுபோல் இருந்தது.

சபை மண்டபம் வட்டமானது. ஆளும் வரிசை, எதிர் வரிசை என்று முகத்துக்கு முகம் பார்க்கும் அமைப்பு இல்லை. கட்சிகளும் இல்லை. 19 உறுப்பினர்களும் தனித்தனியாகத் தேர்தலில் வென்று வருகிறார்கள். பிறகு தங்களுக்குள்ளிருந்தே சபாநாயகரையும் முதல்வரையும் அமைச்சர்களையும் இரகசிய வாக்கில் தெரிவு செய்கிறார்கள். இதை நான் முன்பே வாசித்திருந்தேன். ஆனாலும் அந்த வட்டத்தைக் கண்ணால் பார்த்தபோதுதான் அதன் பொருள் உறைத்தது. அதிகாரபூர்வ மொழிகள் 11. ஆங்கிலமும் பிரெஞ்சும் போக, மீதி ஒன்பதும் இந்த மண்ணின் மொழிகள்: சிப்பெவயன், கிரீ, குவிச்சின், ட்லிச்சோ, வடக்கு ஸ்லேவி, தெற்கு ஸ்லேவி, இனுவியாலுக்டுன், இனுயின்னக்டுன், இனுக்டிடுட். முழுப் பிரதேசத்தின் மக்கள்தொகையும் சுமார் 45,000 தான். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பகுதிக்குள் அடங்கிவிடும் மக்களுக்குப் பதினொரு மொழிகள்! உரைபெயர்ப்பு அறைகளை எட்டிப் பார்த்தேன். மேசை விளக்கு, தண்ணீர்க் குவளை, ஒலிவாங்கி. என் தொழிலின் வாசம் அதே வாசம்தான்.

பிறகு செங்கோல். 2000ஆம் ஆண்டில் செய்தது. அதன் தண்டு ஒற்றைக்கொம்புத் திமிங்கிலத்தின் கொம்பைப் போல முறுக்கியிருக்கிறது. உள்ளே இந்தப் பிரதேசத்தின் 33 ஊர்களிலிருந்தும் கொண்டுவந்த கூழாங்கற்களை இட்டிருக்கிறார்கள். தூக்கும்போது கற்கள் குலுங்கும். 'ஒரே நிலம், பல குரல்கள்' என்ற வரியை அதில் பல மொழிகளில் பொறித்திருக்கிறார்கள். நீதிமன்றத்தில் எத்தனையோ முத்திரைகளையும் சின்னங்களையும் பார்த்துப் பழகியவள் நான். ஓசை எழுப்பும் சின்னத்தை இங்கேதான் முதலில் கண்டேன்.

வழிகாட்டி முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். எங்கள் குழுவில் நாங்கள் இருவரும், ஒரு வயதான தம்பதியும்தான். தம்பதி கட்டடத்தைப் பற்றிக் கேட்டார்கள். நான் 2014 ஏப்ரல் 1ஐப் பற்றிக் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. சுற்றுலா முடிந்த பிறகும் மண்டபத்து நாற்காலியில் எங்களுடன் உட்கார்ந்து பேசினார். ஒரு மணி நேரத்துக்குள் சொல்லிவிடக்கூடிய கதை இல்லை இது. அதனால் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன். தெரிந்துகொண்டு போனால்தான் அந்த வட்ட அறை வாய் திறக்கும்.

2014 ஏப்ரல் 1 வரை இந்தச் சபையால் பள்ளிக்கூடம், மருத்துவமனை, நெடுஞ்சாலை ஆகியவற்றை நடத்த முடிந்தது. காலுக்குக் கீழே இருந்த நிலத்தையும் நீரையும் கனிமங்களையும் நிர்வகித்தது ஒட்டாவா, அதாவது கூட்டாட்சி அரசு. அன்றுதான் அந்தப் பொறுப்பு யெல்லோநைஃபுக்கு மாறியது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'டெவொலூஷன்' என்ற சொல்லை நாம் 'அதிகாரப் பரவலாக்கல்' என்கிறோம். 1987இல் இலங்கை அரசியலமைப்புக்கு வந்த 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர் காதில் விழுந்து விழுந்து தேய்ந்துபோன சொல் அது. வடக்கில் நடந்ததற்கு அதை எழுத என் கை வரவில்லை. 'அதிகாரக் கையளிப்பு' என்று எழுதுகிறேன். கையளிப்பு என்றால் உடனே கேள்வி வரும்: யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்கு? அது முதலில் அந்தக் கைக்கு எப்படி வந்தது?

வந்த கதை 1921இல் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு நோர்மன் வெல்ஸில் எண்ணெய் கிடைத்தது. அதுவரை மக்கென்சி ஆற்றுப் பக்கத்துப் பூர்வகுடிகளான டெனே மக்களுடன் உடன்படிக்கை செய்ய அவசரப்படாத அரசு, மறு கோடையிலேயே ஆணையாளர் கொன்றோயை ஆற்றில் அனுப்பி 11ஆம் உடன்படிக்கைக்குக் கையெழுத்து வாங்கியது. எழுதிக் கொண்டுவந்த ஆங்கில வாசகம், டெனே மக்கள் தங்கள் நிலத்து உரிமைகளை எல்லாம் 'விட்டுக்கொடுத்து, கைவிட்டு, ஒப்படைத்து' விடுவதாகச் சொல்கிறது. கூடியிருந்தவர்களின் நினைவில் நின்றது வேறு. சமாதானம், நட்பு, வேட்டைக்கும் மீன்பிடிக்கும் தடை வராது என்ற வாக்கு. ஃபோர்ட் ரேயில், டெனே மக்களில் ஒரு பிரிவினரான ட்லிச்சோவின் தலைவர் மொன்ஃப்வி தம் மக்களின் நிலத்தின் எல்லையைச் சொல்லிய பிறகே உடன்பட்டார். அந்த எல்லை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. உடன்படிக்கைப் பணமாக ஆளுக்கு ஆண்டுக்கு ஐந்து டொலர். இன்றும் அதே ஐந்து டொலர்தான் கொடுக்கிறார்கள்.

காகிதத்தில் ஒன்று, காதில் இன்னொன்று. அந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் உரைபெயர்ப்பாளர் நின்றிருக்கிறார். 'ஒப்படைத்தல்' என்பதற்கு, நிலத்தை விற்கவும் வாங்கவும் பழகாத ஒரு மொழியில் அவர் என்ன சொல்லைச் சொல்லியிருப்பார்? சொன்னாரா, தாண்டிப் போனாரா? வாடகை ஒப்பந்தம் ஒன்றை ஒரு மூதாட்டிக்குத் தமிழில் சொல்லும்போதுகூட என் நாக்கு தயங்கும் இடங்கள் உண்டு. ஒரு நாட்டையே சொல்ல நின்றவரை நினைத்து அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

1973இல் பிரான்சுவா போலெட்டும் மற்ற டெனே தலைவர்களும் சுமார் 4,00,000 சதுர மைல் நிலத்தின் மீது தங்களுக்கு உரிமை இருப்பதாகப் பதிவு செய்ய நீதிமன்றம் போனார்கள். நீதிபதி வில்லியம் மொரோ யெல்லோநைஃபில் உட்கார்ந்திருக்கவில்லை. ஊர் ஊராகப் போனார். உடன்படிக்கை நடந்த நாளில் அங்கே இருந்து, அப்போதும் உயிரோடிருந்த முதியவர்களின் வாயிலிருந்தே கேட்டார். அந்த உரிமை உண்மையில் அழிந்துவிட்டதா என்பதில் போதிய ஐயம் இருக்கிறது என்பது அவர் முடிவு. நிலப் பதிவுச் சட்டத்தின் ஒரு நுணுக்கத்தைக் காட்டி மேல்முறையீட்டு நீதிமன்றம் பின்னர் அந்தத் தீர்ப்பை மாற்றியது, உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. உடன்படிக்கையின் பொருள் என்ன என்ற கேள்விக்குள் அது நுழையவே இல்லை. அடுத்து மக்கென்சி பள்ளத்தாக்கில் எரிவாயுக் குழாய் அமைக்கலாமா என்று விசாரித்த தோமஸ் பேர்ஜர் 35 ஊர்களில் மக்களைக் கேட்டார். அன்றன்று கேட்டதை வானொலி அவரவர் மொழிகளில் மாலையில் ஒலிபரப்பியது. நில உரிமையைத் தீர்க்கப் பத்தாண்டு வேண்டும், அதுவரை குழாய் வேண்டாம் என்று 1977இல் அவர் அறிக்கை கொடுத்தார்.

'நில உரிமைக் கோரிக்கை' என்ற சொல்லிலும் எனக்குப் பிணக்கு உண்டு. தன் வீட்டில் இருப்பவர் ஏன் கோர வேண்டும்? ஆனாலும் அந்தப் பெயரில்தான் பேச்சுவார்த்தைகள் நடந்தன. 1984இல் ஆர்க்டிக் கரையோர இனுவியாலுயிட் மக்களுடன் முதல் உடன்படிக்கை. டெனே மக்கள், கலப்பு மரபினரான மேட்டி மக்கள் அனைவருக்குமாக ஒரே உடன்படிக்கை என்ற முயற்சி 1990இல் உடைந்தது. உரிமைகள் 'அழிந்துவிட்டதாக' ஒப்புக்கொள்ளச் சொன்ன பிரிவுதான் பெரிய காரணம். பிறகு பிராந்தியம் பிராந்தியமாக வந்தன: 1992 குவிச்சின், 1993 சாட்டு. இரண்டிலும் பழைய விட்டுக்கொடுத்தல் வாசகம் இருந்தது. 2003இல் கையெழுத்தாகி 2005இல் நடைமுறைக்கு வந்த ட்லிச்சோ உடன்படிக்கையில் அந்த வாசகம் மாறியது. உடன்படிக்கையில் எழுதியுள்ளவை தவிர மற்ற உரிமைகளைப் 'பயன்படுத்துவதுமில்லை, வலியுறுத்துவதுமில்லை' என்று மட்டும் அது சொல்கிறது. ஒப்படைத்துவிட்டோம் என்று ட்லிச்சோ மக்கள் சொல்லவில்லை. சுமார் 39,000 சதுர கிலோமீட்டர், நிலத்தடிக் கனிமங்களோடு, அவர்களுடையது. சுயாட்சியும் அதே ஆவணத்தில் வந்தது. ஒரு வினைச்சொல்லை மாற்ற எண்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இனி 2014. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2011 ஜனவரியில், முதல்வர் ஃபுளொயிட் ரோலண்ட் ஒட்டாவாவுடன் கொள்கையளவிலான உடன்பாட்டில் கையெழுத்திட்டபோது அவருடன் நின்ற பூர்வகுடி அமைப்புகள் இரண்டே: இனுவியாலுயிட், மேட்டி. நிலம் எங்களுடையது, அதை எங்களை விட்டுவிட்டு நீங்கள் இருவரும் எப்படிக் கைமாற்றுவீர்கள் என்று டெனே தலைவர்கள் கேட்டார்கள். அடுத்து வந்த பொப் மக்லவுட் காலத்தில் குவிச்சின், சாட்டு, ட்லிச்சோ அரசுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 2013 ஜூனில் இந்த வட்ட அறையிலேயே விவாதம் நடந்தது. அதே மாதம் இனுவிக்கில் இறுதிக் கையெழுத்து. பொதுவாக்கெடுப்பு வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன, நடக்கவில்லை. கனிம வருவாயில் பாதி, ஓர் உச்சவரம்புக்குள், பிரதேச அரசுக்கு. அந்தப் பாதியில் கால் பங்கு வரை, கையெழுத்திட்ட பூர்வகுடி அரசுகளுக்கு.

டெனே மக்களில் டேச்சோ, அகைச்சோ பிரிவினர் அன்று இனுவிக்கில் கையெழுத்திடவில்லை. அவர்களுடைய நிலப் பேச்சுவார்த்தைகள் முடிந்திருக்கவில்லை. நான் இதை எழுதும்வரை இறுதி உடன்படிக்கை வரவில்லை. யெல்லோநைஃப் நகரம் இருப்பது அகைச்சோவைச் சேர்ந்த யெல்லோநைவ்ஸ் டெனே மக்களின் நிலத்தில். அதாவது நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கீழே உள்ள நிலத்தின் பேச்சே இன்னும் முடியவில்லை. வழிகாட்டி இதைத் தயங்காமல் சொன்னார். இதற்காகவே அவருக்கு நன்றி.

இன்னொன்றையும் அவரிடம்தான் கேட்டேன். கையளிப்பை நிறைவேற்றிய அதே கூட்டாட்சிச் சட்டம், ட்லிச்சோ, குவிச்சின், சாட்டு மக்கள் தங்கள் உடன்படிக்கைகள் வழியே பெற்றிருந்த நில, நீர் சபைகளைக் கலைத்து ஒரே பெருஞ்சபையாக்கவும் வழி செய்திருந்தது. ட்லிச்சோ அரசு வழக்குப் போட்டது. 2015 பெப்ரவரியில் நீதிமன்றம் அந்தப் பகுதிக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2019இல் நாடாளுமன்றமே அதைத் திரும்பப் பெற்றது. ஒரு கையால் கொடுத்துக்கொண்டே மறு கையை நீட்டியதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. நகர எல்லையிலுள்ள ஜயன்ட் தங்கச் சுரங்கத்தில் நிலத்தடியில் கிடக்கும் 2,37,000 தொன் நச்சு ஆர்செனிக் தூளின் பொறுப்பு கைமாறவில்லை, அது ஒட்டாவாவிடமே இருக்கிறது. அந்த ஒன்றில் பேச்சுவார்த்தையாளர்கள் கவனமாக இருந்திருக்கிறார்கள்.

மதியத்துக்குப் பின் சபை கூடியது. மாடத்தில் எங்களையும் சேர்த்து ஏழு பேர். மான்தோல் மேலங்கியில் பூவேலைப்பாட்டுடன் ஓர் உறுப்பினர், கோட்டும் டையுமாக இன்னொருவர், பக்கத்துப் பக்கத்தில். ஹெட்போன் கிடைத்தது. வீடமைப்பைப் பற்றிய கேள்வி ஆங்கிலத்தில் போய்க்கொண்டிருந்தபோது நான் அலைவரிசையை மாற்றி ட்லிச்சோவைக் கேட்டேன். ஒரு சொல்லும் புரியாது. ஆனால் உரைபெயர்ப்பவர் எங்கே மூச்சு எடுக்கிறார், எங்கே பேச்சாளரைத் துரத்துகிறார், எங்கே ஒற்றை ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு வாக்கியமே கட்டுகிறார் என்பது எனக்குத் தெரியும். 'இடைக்கால நடவடிக்கை' போன்ற ஒரு தொடர் ஆங்கிலத்தில் வந்தபோது அந்தக் குரல் நிதானமாக நீண்டது; பேச்சாளர் இரண்டு வாக்கியம் முன்னே போய்விட்டார்; அடுத்த அரை நிமிடத்தில் அந்தப் பெண் எட்டிப் பிடித்துவிட்டார். நான் என்னை அறியாமல் கைதட்டப் போனேன். மருமகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமி, மாடத்தில் தட்டக் கூடாது."

சற்று நேரத்தில் ஓர் உறுப்பினர் தம் மொழியில் பேசத் தொடங்கினார். சபையில் பலர் ஒரே நேரத்தில் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். அந்தச் சின்ன அசைவை நான் மறக்கமாட்டேன். எங்கள் நீதிமன்றங்களில் கருவியை மாட்டிக்கொள்ள வேண்டியவர் எப்போதும் நம்மவர்தான். இங்கே சில நிமிடங்களுக்கு ஆங்கிலம் பேசுபவர்கள் காத்திருந்தார்கள்.

மதிப்பெண் கேட்டால், உரைபெயர்ப்புச் சேவைக்கு ஐந்துக்கு ஐந்து. வழிகாட்டிக்கும் அதே. என் தொழில்காரர்கள் யாராவது யெல்லோநைஃப் போனால் ஒளியை விட்டாலும் இதை விடாதீர்கள். சபை ஆண்டு முழுதும் கூடுவதில்லை, அமர்வு நாட்களைப் பார்த்துப் பயணத்தை அமையுங்கள். சபை விவாதங்களின் பதிவான ஹன்சாட் இணையத்தில் இருக்கிறது. 2013 ஜூன் விவாதத்தைப் போவதற்கு முதல் நாள் வாசியுங்கள், நான் பிறகுதான் வாசித்தேன். சிறு பிள்ளைகளுக்குச் செங்கோலும் வட்ட அறையும் பிடிக்கும், கேள்வி நேரம் பிடிக்காது. ஏரியோரப் பாதையில் வேல்ஸ் இளவரசர் வடபுல மரபு மையம் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

ஒரு குறை எனக்கு. படைக்கலச் சேவிதர் செங்கோலைத் தூக்கிவந்தபோது கூழாங்கற்களின் ஒலி மாடம்வரை வந்து சேரவில்லை. பக்கத்தில் நின்றால்தான் கேட்கும் என்றார் வழிகாட்டி. அடுத்த மாசியில் சபை கூடுவதற்கு அரை மணி நேரம் முன்பே போய், எவ்வளவு கிட்டே நிற்க விடுகிறார்களோ அவ்வளவு கிட்டே நிற்கப்போகிறேன். மருமகள் அறையை ஒதுக்கி வைத்துவிட்டாள்.